பாக்கெட்டுக்குப் பொன்னாடை

தருமபுரியிலிருந்து சேலம் போகும் ரோட்டில், ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்மாடியில், மலைப்பகுதி நுண்மின் கம்பியிலாத் தொடர்பு உயராய்வு மையம் இயங்கி வந்தது. இயங்கி வந்ததாக அதன் ஆண்டறிக்கை சொல்வதால் நாமும் அப்படியே சொல்லிவைப்போம். முகூர்த்த நாட்களில் கீழே மேளச்சத்தம் கேட்கும். மற்ற நாட்களில் மேலே பாராட்டு விழா நடக்கும். கீழே சாப்பாடு மிஞ்சினால் மாடிக்கு வரும். மாடியிலிருந்து எதுவும் யாருக்கும் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை.

கலைமதி ஏரியூர்ப் பெண். பெங்களூரில் கெர்னல் வேலை பார்த்தவள். கெர்னல் என்றால் கணினியின் அடியாழத்தில் கிடந்து சகலத்தையும் இயக்குகிற நிரல். அதில் பிழை வந்தால் மேலே உள்ள எதுவும் உருப்படாது. சொந்த ஜில்லாவுக்கு நம்மால் ஆனதைச் செய்வோம் என்று அந்த வேலையை விட்டுவிட்டு மையத்தில் ஒப்பந்தப் பொறியாளராகச் சேர்ந்தாள். அந்த ஆசையை இப்போது நினைத்தால் அவளுக்கே உடம்பு கூசும்.

சேர்ந்த கையோடு மையத்தின் தலையாய வழக்கத்தை அவள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மேடையில் பேசுகிறவர்கள் விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் 'வீற்றிருக்கும்', 'அலங்கரித்துக்கொண்டிருக்கும்' என்று வரிசையாக எல்லோரையும் விளிப்பார்கள் அல்லவா? அந்த விளிப்பை மையம் அன்றாட வாழ்க்கைக்கே கொண்டுவந்துவிட்டது. மின்விசிறி ஓடவில்லை என்று சொல்வதானாலும் முதலில் இயக்குநர் முனைவர் தீர்த்தகிரியை விளிக்க வேண்டும். அடுத்தது இணை இயக்குநர் நிர்மலாதேவி. அதற்கப்புறம் ஆலோசகர்கள், ஓய்வுபெற்ற ஆலோசகர்கள், ஓய்வுபெறவிருக்கும் ஆலோசகர்கள். ஒருமுறை இயக்குநர் அறை பிளக்கில் புகை கிளம்பியது. களப்பணியாளன் ஷாருக் ஓடி வந்து, எல்லோரையும் முறைப்படி விளித்து, தீ என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பிளக் தானே எரிந்து தானே அணைந்துவிட்டது. 'பதற்றத்திலும் பண்பு' என்று சொல்லி அவனுக்கு அன்று மாலையே பொன்னாடை போட்டார்கள்.

"அந்தப் பொன்னாடைய வூட்ல ஜன்னலுக்குப் போட்டிருக்கேங்க்கா. நல்லா வெயில் மறைக்குது" என்றான் ஷாருக்.

மையம் மலையில் செய்திருந்த ஒரே வேலை நரியோடையில் இருந்தது. சித்தேரி மலைப்பக்கம் மேல்வளவு என்று ஓர் ஊர். அந்த ஊருக்குப் போகிற பாதையில் நரியோடை குறுக்கிடும். அதன்மேல் ஒரு தரைப்பாலம் உண்டு. மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்து பாலத்தை மூடிவிடும். வளைவு திரும்பி வருகிற வண்டிக்காரனுக்குப் பாலத்தருகே வந்தால்தான் தண்ணீர் தெரியும். அதனால் ஓடையின் மேற்பகுதியில் நீர்மட்டம் அளக்கும் கருவியை வைத்து, கம்பத்துக்குக் கம்பம் ரேடியோவில் செய்தி தாவி வந்து, பாலத்தருகே உள்ள பெட்டியைச் சேரும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் பெட்டி பச்சை விளக்கு காட்டும். ஏறினால் சிவப்பு. யோசித்தவர் நல்லவர். அவர் பெயர் மையத்தில் யாருக்கும் ஞாபகமில்லை.

இந்த வகை ரேடியோ சின்ன பாட்டரியில் வருஷக்கணக்கில் ஓடக்கூடியது. அதனால் ஒரு தடவைக்கு ரொம்பக் கொஞ்சம்தான் சுமக்கும். செய்தியைச் சின்னச் சின்னப் பாக்கெட்டாகக் கட்டி அனுப்ப வேண்டும். பாக்கெட்டின் முன்னால் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற விலாசம் இருக்கும். அதற்கு ஹெடர் என்று பெயர். விலாசமே இடத்தை அடைத்துக்கொண்டால் சரக்குக்கு இடம் ஏது? உலகத்தில் இந்த வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் ஹெடரை எப்படிச் சுருக்கலாம் என்றுதான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

மையம் தொடங்கிய புதிதில் இயக்குநர் தீர்த்தகிரி ஒரு கேள்வி கேட்டாராம்: "பாக்கெட்டின் முகப்பில் என்ன இருக்கிறது?"

"விலாசம் சார்."

"நாம் இல்லையா?"

அதற்கு மறுநாளிலிருந்து நரியோடையில் கிளம்புகிற ஒவ்வொரு செய்தியும் முதலில் மையத்தின் முழுப் பெயர், அடுத்து இயக்குநரின் பட்டங்கள், அவர் பெயர், அப்புறம் இணை இயக்குநர், அப்புறம் ஆலோசகர்கள் என்று அத்தனை பேரையும் விளித்துவிட்டுத்தான் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லும். அதுவும் அழகு தமிழில். கணினியில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்தைப்போல மூன்று மடங்கு, கொம்பும் காலும் சேர்ந்தால் ஆறு மடங்கு இடம் பிடிக்கும். ஆக, ஒற்றைப் பாக்கெட்டில் போகவேண்டிய அளவு, ஊர்வலம்போல ஏகப்பட்ட பாக்கெட்டுகளுக்குப் பின்னால் கடைசியில் தனியாக நடந்துவரும். வழியில் ஒன்று தொலைந்தாலும் மொத்தமும் வீண்.

ஐப்பசி மழையில் அது நடந்தது. மேல்வளவிலிருந்து அரூர்ச் சந்தைக்குச் சனங்களை ஏற்றிக்கொண்டு காளியப்பனின் பிக்கப் வண்டி இறங்கியது. அந்த மலைக்கு அவன் வண்டியை விட்டால் வேறு கதி கிடையாது. விளக்கு பச்சை காட்டியது. பாலத்தின் நடுவே வந்தபோது தண்ணீர் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. மற்றவர்கள் கம்பியைப் பிடித்துத் தப்பினார்கள். சாமை மூட்டையோடு பின்னால் உட்கார்ந்திருந்த பெரியம்மாள் கீழே போய் ஒரு புதரில் சிக்கினாள். தொடை எலும்பு இரண்டாகியிருந்தது.

காளியப்பன் அன்றைக்குச் சாயங்காலமே கலைமதிக்குப் போன் போட்டான். பாலத்துப் பெட்டியை அவள் பார்க்க வந்திருந்தபோது வாங்கிவைத்த நம்பர்.

"ஏம்மா, பச்சைதாம்மா எரிஞ்சுது. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். நானாம்மா அந்தம்மாவத் தண்ணியில தள்ளுனேன்?"

"இல்லைங்ணா. அது எங்க தப்பு."

"தப்பு யாருதோ இருக்கட்டும். நாளைக்கும் நாந்தான் ஓட்டணும். அதச் சொல்லு. லைட்ட நம்பறதா, வேணாமா?"

கலைமதி மறுநாளே பாலத்துக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்து மேய்ந்தாள். பிழை கெர்னலில் கிடந்தது, பட்டப்பகலில் ரோட்டில் கிடக்கும் பள்ளம்போல. பாக்கெட் வந்ததும், அது முழுசாக வந்திருக்கிறதா என்று பார்க்காமலே, ஹெடர் முழுக்க இருப்பதாக நினைத்துக்கொண்டு நிரல் படித்துக்கொண்டே போகிறது. மழையில் பாக்கெட் பாதியில் அறுந்து வந்தால், இல்லாத மீதியைத் தேடிப் போய் அதல பாதாளத்தில் விழுந்து பெட்டி உறைந்துவிடுகிறது. உறைந்தபோது பச்சை எரிந்துகொண்டிருந்தால் அப்புறம் ஊரே மூழ்கினாலும் பச்சைதான். நீளம் போதுமா என்று முதலில் பார், போதாவிட்டால் பாக்கெட்டைத் தூக்கிப் போடு. இதுதான் மருந்து. இரண்டே வரி. காபி ஆறுவதற்குள் எழுதிவிட்டாள்.

இரண்டு வரியைப் பெட்டியில் ஏற்ற உயர்மட்டக் கூட்டம் கூடியது. விளிப்பு முடிவதற்குள் முந்திரி காலியாகி, டீ வந்து, டீயும் ஆறிவிட்டது. கலைமதி பிழையை விளக்கினாள். 'தூக்கிப் போட வேண்டும்' என்று அவள் சொன்னதும் நிர்மலாதேவியின் வளையல் சத்தம் நின்றது.

"எதைம்மா தூக்கிப் போடணும்?"

"அரைகுறையா வர்ற பாக்கெட்டை மேடம்."

"அதுல யார் பேர் இருக்கும்?"

இயக்குநர் மெல்ல எழுந்தார். அவர் எழுந்தால் பேசுவார், பேசினால் அச்சில் இருப்பதுபோலவே பேசுவார்.

"தோழமை உள்ளங்களே! ஒரு பாக்கெட் மழையில் நனைந்து, காற்றில் அலைந்து, பாதியாக வந்து சேர்கிறது. அதில் என் பெயர் 'தீர்த்த' வரைக்கும் இருக்கிறது. 'கிரி' வரவில்லை. இந்தப் பெண் அதைக் குப்பையில் போடச் சொல்கிறார். பாதித் தீர்த்தகிரியை எறியத் துணிந்தவர்கள் நாளை முழுத் தீர்த்தகிரியை எறிய மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நான் பதவிக்காகச் சொல்லவில்லை. பதவி நாளைக்கே போகலாம். போகாமல் பார்த்துக்கொள்வது வேறு விஷயம். நான் மரியாதைக்காகச் சொல்கிறேன்."

கைத்தட்டல் அடங்கியதும் கலைமதி சொன்னாள்: "அப்படின்னா ஹெடரையாவது சுருக்கிடலாம் சார். உலகம் பூரா அப்படித்தான் பண்றாங்க."

"உலகத்துக்கு மரியாதை தெரியாது. நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்" என்றார் இயக்குநர்.

நிர்மலாதேவிக்கு வேறு கவலை. "சார், நான் ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். பாக்கெட் அறுந்தா எப்பவுமே உங்க பேர் முடிஞ்சு என் பேர் ஆரம்பிக்கிற இடத்துல சரியா அறுகுதே, அது எப்படி? இதுக்குப் பின்னாடி யார் இருக்காங்க?"

யாரும் இல்லை, நீளம்தான் காரணம் என்று கலைமதி சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. அதை விசாரிக்க ஒரு தனிக்குழு அமைந்தது. அது தீரும்வரைக்கும் ஒரு பாக்கெட் விட்டு ஒரு பாக்கெட் நிர்மலாதேவியின் பெயர் முதலில் வரட்டும் என்று சமரசம் ஆயிற்று. தண்ணீரின் பெயரைக் கூட்டத்தில் ஒருவரும் எடுக்கவில்லை. மேசைமேல் பாட்டிலில் இருந்ததைத்தான் குடித்தார்கள்.

பெரியம்மாளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். பழத்தட்டு, பொன்னாடை, போட்டோகிராபர் எல்லாம் கூடவே போயின. காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருந்தவளுக்குமுன் இயக்குநர் கைகூப்பி நின்று விளிக்கத் தொடங்கினார். கட்டிலில் வீற்றிருக்கும் அம்மையார் என்றார். அடுத்த கட்டிலை அலங்கரித்துக்கொண்டிருக்கும் அம்மையார் என்றார். அந்த அம்மையார் பாவம், வலியில் முனகிக்கொண்டிருந்தாள்.

பெரியம்மாளுக்குப் பொறுமை இல்லை. "சாமி, லைட்டு பச்சையா எரிஞ்சுதுங்களே. அதுக்கென்னா சொல்றீங்க?"

"பச்சை வளத்தின் நிறம் அம்மா. நம் மையம் உங்களுக்கு வளத்தைத்தான் காட்டியது" என்றார் இயக்குநர்.

பொன்னாடை போர்த்தினார்கள். கால் படத்தில் விழுந்தால் நன்றாக இருக்காது என்று பொன்னாடையைக் கீழே இழுத்துக் காலை மூடி இன்னொரு படம் எடுத்தார்கள். சாயங்காலம் மையத்தில் வேறு வரவேற்பு இருந்ததால் பழத்தட்டை மறக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கலைமதி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சாக்கடையோரம் குந்தினாள். இப்படிப்பட்ட ஆட்களிடம் சம்பளம் வாங்கித் தின்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

'தூக்கிப் போடு' என்ற சொல்லை 'வழியனுப்பு' என்று மாற்றிய பிறகு, கார்த்திகைக் கடைசியில் இரண்டு வரிக்கும் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் சும்மா ஏற்றிவிட முடியுமா? விழா எடுத்து, சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்தி, பெட்டிக்குப் பொன்னாடை போர்த்தி அல்லவா ஏற்ற வேண்டும்! சிறப்பு விருந்தினர் கொடுத்த தேதி மார்கழியில் விழுந்தது.

"மார்கழியில யாராவது நல்ல காரியம் பண்ணுவாங்களா?" என்று கேட்டார் நிர்மலாதேவி. "தை பொறக்கட்டும்."

"மேடம், மழை தை பொறக்கட்டும்னு காத்திருக்காதே. காளியப்பன் வண்டி தினமும் இறங்குது."

"அவரையும் தைக்கு மேல இறங்கச் சொல்லும்மா" என்றார் நிர்மலாதேவி. கேலியாக அல்ல, நிஜமாகவே ஒரு வழி கண்டுபிடித்த சந்தோஷத்தோடுதான் சொன்னார்.

மார்கழியில் வங்காள விரிகுடாவில் ஒரு தாழ்வு மண்டலம் கிளம்பியது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காளியப்பன் மறுபடி போன் செய்தான்.

"ஏம்மா, நாளைக்கு மேல்வளவுல பாதி ஊரு எறங்குது. கீழ ஒரு கல்யாணம், அவங்க மார்கழியெல்லாம் பாக்கறதில்ல. நான் வரமாட்டேன்னா விடமாட்டாங்க. லைட்டு என்னா ஆச்சு?"

"நாளைக்குக் காலையில சரியாயிடும்ணா" என்று கலைமதி சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

விடிந்ததும் ஷாருக்கின் பைக்கில் நரியோடைக்குப் போனாள். அவன் பெட்டியைத் திறந்து சாவியை அவளிடம் கொடுத்தான். அவள் இரண்டு வரியையும் ஏற்றினாள். அப்புறம் ஹெடரைத் திறந்து, மையத்தின் பெயரில் தொடங்கிக் கடைசி ஆலோசகர்வரை ஒருவர் விடாமல் அழித்தாள். கம்பங்களுக்கும் புதிய நிரலை ரேடியோ வழியே அனுப்பினாள்.

ஷாருக் எட்டிப் பார்த்தான். "எல்லாரையும் எடுத்துட்டா உள்ள மிச்சம் என்னாக்கா இருக்கும்?"

"தண்ணி எவ்வளவுன்னு இருக்கும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மலைமேல் கறுத்திருந்தது. பத்து மணிக்கெல்லாம் கீழே ஒரு தூறலும் இல்லாமல் ஓடையின் நிறம் மாறத் தொடங்கியது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. விளக்கு சட்டென்று சிவப்பானது. கொஞ்ச நேரத்தில் பாலம் செந்நிற வெள்ளத்துக்கு அடியில் போய்விட்டது. எதிர்க்கரை வளைவைத் திரும்பிய காளியப்பனின் வண்டி சிவப்பைப் பார்த்து அங்கேயே நின்றது. பின்னால் பட்டுச்சேலையும் வேட்டியுமாகச் சனம் நெருக்கியடித்து நின்றிருந்தது.

இந்தக் கரையில் ஒரு ஜீப் வந்து நின்றது. மையத்தில் வரவேற்பறைச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. நரியோடையிலிருந்து பாக்கெட் வரவர அதில் பெயர்கள் ஓடும். கடைசியில் வரும் நீர்மட்டம் திரைக்கு வெளியே போய்விடும். அதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. பெயர் இல்லாத பாக்கெட்டைத் திரை ஏற்காது என்பதால், இன்று காலையிலிருந்து அதில் ஒரு பெயரும் ஓடவில்லை, வேறு எதுவும் ஓடவில்லை. மையத்தின் வரலாற்றிலேயே இப்படி ஒரு பேரிடர் நேர்ந்ததில்லை என்று இயக்குநரும் இணை இயக்குநரும் பறந்து வந்திருந்தார்கள்.

ஜீப்பை விட்டு இறங்கிய இயக்குநர் வெள்ளத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே மையத்துக்குப் போன் போட்டார்.

"திரையில் ஏதாவது வந்திருக்கிறதா?... ஒன்றும் இல்லையா? சரி." போனை மூடிவிட்டு அறிவித்தார்: "நரியோடையில் தண்ணீர் வந்திருப்பதாக மையத்துக்குத் தகவல் இல்லை."

அவர் செருப்பு நனைந்துகொண்டிருந்தது. நிர்மலாதேவி சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆமாம் சார், தகவல் இல்லை" என்றார்.

"அப்படியிருக்க இந்த விளக்கு யாருடைய அனுமதியில் சிவப்பாக எரிகிறது? ஷாருக், பச்சையாக்கு."

"சாவி அக்காகிட்ட இருக்குதுங்க சார்."

கலைமதி சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். "முடியாது சார்" என்றாள். அந்த மையத்தில் இயக்குநரிடம் இதுவரை யாரும் சொல்லியிராத வார்த்தை அது.

இயக்குநர் அவளை விட்டுவிட்டார். ஓடையைப் பார்த்துத் திரும்பி, கல்யாணத்துக்கு வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்பதுபோல எதிர்க்கரையை நோக்கிக் கையை ஆட்டினார். "வாருங்கள்! வாருங்கள்! விளக்கு பழுது! தாராளமாக வாருங்கள்!" பார்த்துக்கொண்டிருந்த கலைமதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஆளைப் பிடித்து ஓடையில் தள்ளிவிடலாமா என்று ஒரு கணம் நிஜமாகவே தோன்றியது. அதற்குப் பதிலாகக் காளியப்பனுக்குப் போன் போட்டாள். "எடுக்காதீங்கண்ணா!" என்று அவள் கத்துவதற்குள் இயக்குநர் போனைப் பிடுங்கிக்கொண்டார். பிடுங்கிய வேகத்தில் போன் ஸ்பீக்கருக்கு மாறிவிட்டது. எல்லோருக்கும் கேட்டது.

"ஓட்டுநரே, உம்மை யார் நிற்கச் சொன்னது?"

"லைட்டு சொல்லுதுங்க."

"அந்த விளக்கை நம்பாதீர். காலையிலிருந்து அதற்கு வருகிற செய்தியில் எங்கள் யாருடைய பெயரும் இல்லை. இயக்குநர் நான் சொல்கிறேன், வண்டியை எடும்."

காளியப்பன் நிதானமாகக் கேட்டான்.

"போன தடவ பெரியம்மா ஆத்தோட போனப்ப, அதுல உங்க பேரெல்லாம் இருந்துச்சுங்களா சார்?"

"நிச்சயமாக! அனைவர் பெயரும், உரிய பட்டங்களோடு."

"அப்பச் சரிங்க" என்றான் காளியப்பன். எதிர்க்கரையில் இஞ்சின் அணைந்தது.

இயக்குநர் போனைக் காதில் வைத்து இன்னும் பேசிக்கொண்டிருந்தார். கலைமதியின் ஒப்பந்தம் இந்த நொடியோடு முடிகிறது என்று நிர்மலாதேவி அவள் பக்கம் திரும்பிச் சொன்னார். கலைமதி காதில் அது விழவில்லை. வண்டியிலிருந்து இறங்கி, வெள்ளத்துக்கு எட்டாத மேட்டில் போய் உட்காருகிற சனங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் இருந்தார்கள்.